வெடியுப்பு செய்யும் வெடிக்காத வேலைகள்

வெடியுப்பு என்றதுமே பட்டாசும் பீரங்கியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இந்த உப்பு தனியாக இருக்கும்போது வெடிப்பதுமில்லை, எரிவதுமில்லை. கரியும் கந்தகமும் உடன் சேர்ந்தால்தான் விபரீதம். கூடாத நட்பினால் வந்த கெட்ட பெயர் அது!

ரசாயன சோதனைச் சாலையில் இதைப் பொட்டாசியம் நைட்ரேட் என்று அழைப்பார்கள். வெள்ளை வெளேரென்ற படிகங்களாக, இறுக மூடிய குப்பியில் இருக்கும். தாதுப் பொடியில் ஒளிந்திருக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுப்பது, மின்சாரத்துக்குப் பாலம் போடுவது, உறங்கும் விதையைத் தட்டி எழுப்புவது என்று அது அங்கே செய்யும் வேலைகள் பல.

உப்புக்குள் ஒளிந்த காற்று

இந்த உப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பிராணவாயுதான். ஒரு பங்கு பொட்டாசியமும் ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு பிராணவாயு அணுக்களைக் கட்டி வைத்திருக்கின்றன. 334 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் உப்பு உருகுகிறது. உஷ்ணம் இன்னும் ஏறினால் கட்டு தளர்ந்து பிராணவாயு வெளிப்படுகிறது.

பிராணவாயு என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில், இங்கிலாந்தில் ஜான் மேயோ என்ற வைத்தியர் இந்த ரகசியத்தின் அருகில் சென்றுவிட்டார். வெடிமருந்து தண்ணீருக்குள்ளும் எரிகிறதே, காற்று இல்லாத இடத்தில் அது எப்படி எரிகிறது என்று அவர் யோசித்தார். நெருப்புக்கும் சுவாசத்துக்கும் காற்றில் எது தேவையோ, அதுவே வெடியுப்புக்குள்ளும் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, 1674-ல் நூலாக வெளியிட்டார். 1679-ல் அவர் காலமானார். அவர் சொன்னதன் முழு அருமை விளங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மருந்துக் கடையில் எழுந்த செம்புகை

அந்த நூற்றாண்டின் முடிவில் இதே உப்பு இன்னொருவர் கைக்கு வந்தது. அவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு புதிர் எழுந்தது. வெடியுப்பில் வினிகரை ஊற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அதே உப்பை நன்றாகக் காய்ச்சிய பிறகு வினிகரை ஊற்றினால் செந்நிறப் புகை கிளம்புகிறது. ஏன்?

விடை சொன்னவர் ஷீலே. காய்ச்சியபோதே அது பழைய உப்பாக இல்லாமல் வேறு உப்பாகிவிட்டது. அதிலுள்ள அமிலம் வலுவற்றது. ஆகவே வினிகர்கூட அதை விரட்டிவிடுகிறது என்று அவர் விளக்கினார். இன்றைய ரசாயனத்தின் பாஷையில், பிராணவாயுவில் ஒரு பங்கை இழந்து நைட்ரேட் நைட்ரைட் ஆகிவிட்டது. இந்த விளக்கத்தினால் உப்சாலா பல்கலைக் கழகப் பேராசிரியர் டார்பர்ன் பெர்க்மனின் நட்பு ஷீலேக்குக் கிடைத்தது.

இழந்த பங்கு எங்கே போயிற்று? வெடியுப்பையும் வேறு சில பொருள்களையும் காய்ச்சி, வெளிப்பட்ட வாயுவை ஷீலே தோற்பையில் பிடித்தார். அதில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. ‘நெருப்புக் காற்று’ என்று அதற்குப் பெயரிட்டார். அதுதான் பிராணவாயு. ஆனால் அவருடைய நூல் அச்சாகி வெளிவந்தது 1777-ல்தான். அதற்குள் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774-ல் தாமும் அந்த வாயுவைத் தயாரித்து, முந்திக்கொண்டு அறிவித்துவிட்டார். முதலில் கண்டவர் ஒருவர், முதலில் சொன்னவர் ஒருவர். ஷீலேயின் பெயர் வெகு காலம் பின்னால் நின்றது.

நிறம் காட்டும் சாட்சி

கேட்ட இடத்தில் பிராணவாயுவைக் கொடுக்கும் இந்தக் குணம்தான் உலோகப் பரிசோதனையில் உதவுகிறது. தாதுப் பொடியுடன் சோடியம் கார்பனேட்டையும் சிறிது வெடியுப்பையும் கலந்து உருக்குவார்கள். பொடியில் குரோமியம் இருந்தால் கலவை மஞ்சளாகிறது. மாங்கனீஸ் இருந்தால் பச்சையாகிறது. வெறும் பார்வைக்குத் தெரியாத உலோகம் நிறத்தினால் பிடிபட்டுவிடுகிறது.

மின்சாரத்துக்கு ஒரு பாலம்

வேறு சில சோதனைகளில் இந்த உப்பு எதிலும் தலையிடாமல் சும்மா இருப்பதே பெரிய உதவி. ஒரு கிண்ணத்தில் துத்தநாகக் கரைசல், மற்றொன்றில் வெள்ளிக் கரைசல். இரண்டிலும் அதனதன் உலோகத் தகட்டை நிறுத்தி மின் அழுத்தத்தை அளக்க வேண்டும். கரைசல்கள் ஒன்றோடொன்று கலந்தால் சோதனை கெட்டுவிடும். முற்றிலும் பிரிந்திருந்தால் மின்சாரம் ஓடாது. வளைந்த கண்ணாடிக் குழாயில், அகர்-அகர் என்ற கடற்பாசிக் கூழில் உப்பைக் கலந்து நிரப்பி இரண்டையும் இணைப்பார்கள். இதற்கு உப்புப் பாலம் என்று பெயர்.

பொட்டாசியம் குளோரைடுதான் இதற்கு வழக்கமாக உதவுவது. ஆனால் வெள்ளிக் கரைசலில் குளோரைடு பட்டால் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப் படிவு விழும். அங்கே வெடியுப்பைத்தான் அழைக்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியமும் நைட்ரேட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்பவை. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் இணைப்பில் பொய்யான மின் அழுத்தம் பிறந்து கணக்கு தவறும். சம வேகம் இருப்பதால் அந்தப் பிழை மிகச் சிறியதாகி விடுகிறது.

குளிரும் உப்பு

தண்ணீரில் கரையும்போது வெடியுப்பு உஷ்ணத்தை உறிஞ்சுகிறது; பாத்திரம் சில்லென்று ஆகிறது. அக்பர் காலத்தில் குடிநீரைக் குளிர வைக்க இதைப் பயன்படுத்தியதாக அபுல் பசல் ‘ஆயினி அக்பரி’யில் எழுதியிருக்கிறார். இன்று கல்லூரி மாணவர்கள் அந்தக் குளிர்ச்சியை அளந்து கணக்குப் போடுகிறார்கள்.

100 கிராம் பனிக் குளிர்ந்த நீரில் 13 கிராம் வெடியுப்புத்தான் கரையும். கொதிநீரிலோ 240 கிராமுக்கு மேல் கரையும். சமையல் உப்புக்கு இந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே இரண்டும் கலந்த சூடான கரைசலை ஆறவிட்டால், வெடியுப்பு ஊசி ஊசியாகப் படிந்துவிடும். சமையல் உப்பு பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். படிகமாக்கிச் சுத்தம் செய்யும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

விதைக்கு ஒரு நியாயம்

பயிருக்கு வேண்டிய தழைச் சத்தும் சாம்பல் சத்தும் இந்த ஒரே உப்பில் இருக்கின்றன. 1962-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டோஷியோ முராஷிகேயும் போல்கே ஸ்கூக்கும் புகையிலைத் திசுவைக் குப்பியில் வளர்க்க ஓர் ஊட்டக் கரைசலை வகுத்து வெளியிட்டனர். அதில் லிட்டருக்கு 1.9 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் உண்டு. உலகெங்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் அந்தக் கரைசல் வழக்கில் இருக்கிறது. தேனி வட்டாரத் தோட்டங்களில் காணும் திசு வளர்ப்பு வாழைக்கும் இத்தகைய ஊட்டமே முதல் ஆகாரம்.

விதைப் பரிசோதனை நிலையத்தில் இந்த உப்பு விவசாயியின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. தக்காளி, மிளகாய் போன்றவற்றின் புது விதை சில சமயம் உயிர் இருந்தும் முளைக்காமல் உறங்கும். முளைக்கவில்லை என்பதற்காக அதைச் செத்த விதை என்று தள்ளினால், விளைவித்தவனுக்கு வீண் நஷ்டம். முளைக்கவிடும் தாளை 0.2 சதவிகித வெடியுப்புக் கரைசலில் நனைத்தால், உறங்கும் விதை விழித்துக் கொள்ளும். உண்மையில் செத்த விதை அப்படியே கிடக்கும். லிட்டர் நீருக்கு 2 கிராம் உப்பு, ஒரு மூட்டையின் தலைவிதியை நிர்ணயித்து விடுகிறது.

இத்தனை உதவி செய்தாலும் கவனம் தேவை. சோதனைச் சாலையில் இந்தக் குப்பியைக் கரி, கந்தகம், சர்க்கரை, எண்ணெய் முதலியவற்றின் பக்கத்தில் வைப்பதில்லை. உப்பு சிந்திய காகிதத்தையும் துணியையும் அலட்சியமாகப் போட்டு வைப்பதில்லை. குப்பியின் மேல் ஒரு வட்டமும், அந்த வட்டத்தின் மேல் ஒரு சுவாலையும் வரைந்திருக்கும். உள்ளே இருப்பது எரியும் பொருள் அல்ல, பக்கத்தில் இருப்பதை எரியத் தூண்டும் பொருள் என்பதே அந்த அடையாளத்தின் அர்த்தம்.