தூளிக்குக் கீழே வரும் குளிர்

மார்கழி பிறந்ததும் நம் மைசூருத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பேரனையோ பேத்தியையோ பார்க்கப் பாட்டி தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ ரயிலேறி வருவார். வந்த மறுநாளே உத்தரத்தில் கொக்கி தேடுவார். பெட்டியிலிருந்து பழைய நூல்புடவை வெளியே வரும். தூளி தயார்! குழந்தையும் சொக்கிப்போய்த் தூங்கும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வீல் என்று ஓர் அழுகை. பசி என்பார் ஒருவர், வயிற்றுவலி என்பார் இன்னொருவர், கண்ணேறு என்பார் மூன்றாமவர். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா எட்டிப் பார்த்து, "மகுவிகெ சளி" என்பார். பாட்டி உடனே குழந்தையின் மூக்கைத் துடைத்துப் பார்ப்பார். கன்னடத்தில் சளி என்றால் குளிர் என்று அவருக்கு யார் சொல்வது? பல சமயம் அந்த அம்மா சொல்வதே சரியாக இருக்கும்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் என்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் வெப்பம் எந்த வழியாக வெளியே போகிறது, அதை எப்படித் தடுப்பது என்பது எங்கள் தொழிலோடு சேர்ந்த விஷயம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஊர் மாறினால் குணமும் மாறும்

தூளி வெப்ப நாட்டுக்கு ஏற்ற படுக்கை. தரைச்சூடு ஏறாது, பூச்சி பொட்டு அண்டாது, எல்லாவற்றுக்கும் மேலாக, மெல்லிய துணிக்கு அடியில் காற்று தாராளமாக ஓடும். தஞ்சாவூர்ச் சித்திரையில் அந்தக் காற்று வரப்பிரசாதம். மைசூரோ கடல் மட்டத்துக்குச் சுமார் 770 மீட்டர் மேலே இருக்கிறது. தை மாதத்து விடியற்காலையில் சராசரியாக 16 டிகிரி இருக்கும். சில ஆண்டுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கியதுண்டு. அங்கே சுகம் தந்த அதே காற்று, இங்கே குழந்தையின் முதுகுச் சூட்டை இரவெல்லாம் திருடிக்கொண்டு போகிறது.

மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் இது நிற்காது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடம்புக்கு அடியில் விரித்த கம்பளி எடையில் நசுங்கிவிடும். நசுங்கியதும் உள்ளே காற்று ஏது, காப்பு ஏது?

மலைப்பாதைப் பாடம்

இதை நான் அனுபவித்தது சக்லேஷ்பூர் – சுப்ரமண்யா மலைப்பாதையில். ஹாசன் – மங்களூரு மீட்டர்கேஜ் பாதையில் 1996-ல் ரயில் நின்றது. அகலப்பாதையாக மாறி 2006-ல் சரக்கு ரயிலும், 2007-ல் பயணிகள் ரயிலும் ஓடின. ஐம்பத்தேழு சுரங்கங்கள் உள்ள அந்தக் காட்டில் முகாம் போட்டிருந்தோம். தரையெல்லாம் ஈரம், அட்டைத் தொல்லை வேறு. எனவே இரண்டு மரங்களுக்கு நடுவே கான்வாஸ் துணியைக் கட்டி அதில் படுப்போம். மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு மட்டும் பனிக்கட்டி மாதிரி இருக்கும்.

எங்களோடு இருந்த தருமபுரிக்காரத் தொழிலாளி ஒருவர் வழி காட்டினார். ஒரு கோணிக்குள் காய்ந்த வைக்கோலைத் தளர்வாக நிரப்பி, கான்வாஸுக்கு வெளியே, அடிப்பக்கத்தில் தொங்கவிட்டுக் கட்டினார். "சார், வீட்டுக்குக் கூரை போட்டாப் போதுமா? தரையும் போட வேண்டாமா?" என்றார். அன்றிரவு ஒரே போர்வையோடு நன்றாகத் தூங்கினேன். ஏ.சி. பெட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவே காப்புப் பொருள் வைப்பதும் இதே தத்துவம்தான்.

தொங்கு படுக்கை நமக்கு மட்டும் சொந்தமன்று. 1492-ல் கொலம்பஸ் கண்ட தீவுகளின் டைனோ மக்கள் அதை 'அமாகா' என்றார்கள். ஆங்கிலச் சொல்லான 'ஹேமக்' அதிலிருந்து வந்ததே. பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையானது. இன்று குளிர் நாடுகளில் காட்டுக்குச் செல்பவர்கள், ஹேமக்கின் அடியில் வெளிப்புறமாக மெத்தைப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். எங்கள் தருமபுரிக்காரரின் கோணிதான், விலை மட்டும் அதிகம்!

வீட்டில் என்ன செய்யலாம்?

தூளிப்புடவைக்கு வெளியே இன்னொரு புடவையைச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பளியை, நசுங்காதபடி மடித்து வையுங்கள். கம்பளி வெளியே இருக்க வேண்டும். குழந்தையோடு உள்ளே இருக்கக் கூடாது. முகத்துக்கு அருகில் தளர்ந்த துணி எதுவும் வேண்டாம். ஜன்னலுக்கு நேரே தூளி கட்டாதீர்கள்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று அறிய மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை உண்டு. வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் ஆபத்து. உடனே தாயின் மார்போடு தோலில் தோல் படும்படி அணைத்துப் போர்த்தி, மருத்துவரிடம் செல்லுங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் 1970-களின் இறுதியில் எடை குறைந்த குழந்தைகளுக்குத் தொடங்கிய 'கங்காரு' முறை இந்த அணைப்புதான். கழுத்து வேர்த்திருந்தால் போர்த்தியது அதிகம் என்று பொருள்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

முதலாவது, கணப்புச் சட்டி. தூளிக்கு அடியில் கரி நெருப்பு வைத்துக் கதவை மூடுவது உயிருக்கு உலை வைப்பதாகும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

இரண்டாவது, இரவு முழுவதும் தூளி. தூளியின் வளைவில் சிறு குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படலாம். இரவில் தாயின் அருகிலேயே, சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது குழந்தை மருத்துவர்கள் கருத்து. தூளி பகலில், ஒருவர் கண்பார்வையில் மட்டும் இருக்கட்டும். குழந்தை புரளத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய துயரங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

பாட்டிமார்கள் என்மீது கோபிக்க வேண்டாம். தூளியும் தாலாட்டும் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து. ரயில் பெட்டியையே ஊருக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கிறோம். தூளியையும் மைசூர்க் குளிருக்கு ஏற்றபடி கட்டிக்கொள்வோம். தாலாட்டை மட்டும் மாற்றாமல் பாடுவோம்.