பாம்பை அழைத்துவரும் எலி

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனால் கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வாழ்க்கை தொடர்கிறது. ஒன்றையொன்று ஒட்டிய சிறிய வீடுகள். அருகில் பாழடைந்த சுரங்கக் கட்டடங்கள், புதர்கள். இத்தகைய இடங்களில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

பாம்பைக் கண்டதும் கை கம்பைத் தேடுகிறது. அடிபடுவதோ பெரும்பாலும் விஷமற்ற சாரை. எலியைத் தின்னும் சாரை செத்தால் எலிகளுக்குத்தான் கொண்டாட்டம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட.

நிஜமான ஆபத்து, இரவில் வீட்டுக்குள் நுழையும் கட்டுவிரியன். தரையில் தூங்குபவரை அது கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. விடிவதற்குள் மூச்சு திணறும். கட்டிலும், பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் நல்ல காவல். தானியத்தை மூடி வைப்பது, கதவடி இடைவெளியை அடைப்பது, சுவரோரம் விறகு குவிக்காதிருப்பது ஆகியவை எலியைத் தடுக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கர்நாடக அரசு 2024-ல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கடிபட்டால் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிப்பதும் வீண். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

கம்புக்கு வேலை வராமலிருக்க, முதலில் எலிக்குச் சோறு கிடைக்காமல் செய்ய வேண்டும்.