சிதறும் கவனமும் சீரான வேலையும்

எம்முடன் கற்றோருள், கூரிய மதியிருந்தும் எடுத்த பாடத்தை முடிக்க மாட்டாது, "சோம்பேறி" எனப் பெயரெடுத்துப் பிரம்படியும் பெற்ற சிலரை நாம் மறந்தோமல்லேம். அவருட் சிலர்க்கேனும் இருந்தது சோம்பலன்று, கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறாகலாம் என்று இன்று எண்ணி வருந்துகின்றோம்.

இது புதிய கற்பனையன்று. அலெக்சாந்தர் கிறைற்றன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் 1798 ஆம் ஆண்டிலேயே கவனச் சிதறலை ஒரு நோயாக விவரித்துள்ளார். இக்கோளாறுடையோர்க்குக் கவனம் இல்லாமலில்லை. வேண்டியவிடத்து அதனை நிறுத்தும் ஆற்றலே குறைவு. ஆதலாற்றான், விருப்பமான பணியிற் பல மணி நேரம் மூழ்குவோர் ஒரு கடிதத்தைத் தொடங்க மாட்டாது தவிப்பர். பலர்க்கு இது முதுமை வரையும் தொடரும்.

இத்தகையோர்க்குக் காலம் கண்ணுக்குப் புலப்படல் வேண்டும். மேசைமீது மணிக்கூட்டை வைத்து, 25 நிமிடம் உழைத்து, 5 நிமிடம் ஓய்வது ஒரு வழி. பெரிய வேலையைச் சிறு கூறுகளாக்கி, முதற் கூறை மட்டும் தாளில் எழுதி முன்வைத்தல் மற்றொன்று. நண்பரொருவர் அருகிருந்து தம் வேலையைச் செய்வதும் துணையாகும். வைத்தியரின் ஆலோசனையும், அவர் தரும் மருந்தும் நாணத்தக்கனவல்ல.

மாணவர்காள், குறையை அறிதல் சாக்குப்போக்கன்று. முயற்சியின் தொடக்கமே அதுவாம். ஆசிரியப் பெருமக்களே, கடைசி வாங்கில் இருப்பவனைக் கடியுமுன் ஒருமுறை உசாவுவீர்களாக. அன்று எம் தோழர்க்குக் கிட்டாதது இன்றைய பிள்ளைகட்காவது கிட்டுக.