வயிற்றுக்குள் ஓர் அரோரா

வடதுருவத்து வானில் தோன்றும் வண்ண ஒளிக்கு 'அரோரா' என்று பெயர். அதே பெயருள்ள ஒன்று நம் வயிற்றிலும் இருக்கிறதென்றால் நேயர்கள் வியப்படையலாம்.

1995-ம் வருஷம் டேவிட் குளோவர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் பழ ஈக்களில் ஒரு ஜீனை விவரித்தார்கள். அது பழுதுபட்டால், பிரியும் ஜீவாணுவில் இரண்டு துருவங்களுக்குப் பதில் ஒன்றுதான் அமைகிறது. ஒற்றைத் துருவம் வடதுருவத்தை நினைவூட்டவே, அரோரா என்று பெயரிட்டுவிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் ரசனை உண்டு போலும்!

மனித உடலில் இவ்வினத்தைச் சேர்ந்த என்ஸைம் 'அரோரா ஏ'. ஜீவாணு இரண்டாகும்போது 46 குரோமோஸோம்களின் பிரதிகளும் இருபுறமும் சமமாகப் பாகம் பிரியவேண்டும் அல்லவா? அதற்கு இரு முனைகளை அமைப்பதில் இது துணை நிற்கிறது. வேலை முடிந்ததும் ஜீவாணுவே இதைச் சிதைத்துவிடும்.

சில வயிற்றுப் புற்றுக்களிலோ, 20-வது குரோமோஸோமிலுள்ள இதன் ஜீன் பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. என்ஸைம் மிஞ்சுகிறது, மூன்று, நான்கு முனைகள் முளைக்கின்றன, பாகங்கள் ஏறுமாறாகின்றன. இவ்விதம் கெட்ட ஜீவாணுவைத் தடுக்கவேண்டிய பி53 என்னும் புரதத்தையும் அது அழிவுக்கு உள்ளாக்குகிறது. திருடனே காவற்காரனைக் கட்டிப்போட்ட கதைதான்! புற்றுக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்குப் பெரும் பங்கு உண்டு.

அரோராவை முடக்கினால் போதாதா? 'அலிஸெர்டிப்' என்ற மருந்தைப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் பிரியும் நல்ல ஜீவாணுக்களுக்கும் அரோரா வேண்டுமே! ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. ஆகவே பல பரிசோதனைகளில், 21 நாட்களில் 7 நாள் மட்டும் மருந்தைக் கொடுத்து, மற்ற 14 நாளும் மஜ்ஜை தேறுவதற்கு விட்டுவைத்தார்கள்.