பழுப்புக் கூழ் நோய்

பழுப்புக் கூழ் நோய் என்பது உப்புநீர் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் பவள உயிரிகளைத் தாக்கும் ஒரு நோயாகும். யூபில்லியா போன்ற சதைப்பற்றான கல்பவளங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. காயமுற்ற திசுவின் மீது பழுப்பு நிறக் கூழ் படியும். திசு விரைவாக அழுகி, வெண்ணிற எலும்புக்கூடு மட்டும் எஞ்சும். கூழில் குறு இழை உயிரிகளும் பாக்டீரியாக்களும் காணப்படுகின்றன.

சிகிச்சை

முதலில் நீரோட்ட மோட்டார்களை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். இல்லையெனில் அது மிதந்து சென்று அருகிலுள்ள பவளங்களிலும் படியும். பின்னர் பவளத்தைத் தனிக் கலத்துக்கு மாற்றி, தொட்டி நீரில் கலந்த அயோடின் கரைசலில் உறையில் குறிப்பிட்ட அளவிலும் நேரத்திலும் அமிழ்த்தி, தூய உப்புநீரில் அலசுவர். கிளைவிடும் இனங்களில் நோயுற்ற கிளையை வெட்டி நீக்கினால் மற்றவை பிழைக்க வாய்ப்புண்டு. செப்பு கலந்த மீன் மருந்துகள் பவளங்களுக்கு நஞ்சாகும். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

தடுப்பு

வெப்பநிலையை 24–26 பாகை செல்சியசிலும், நீரின் ஒப்படர்த்தியை 1.025 அளவிலும் நிலையாக வைத்திருத்தல், திசு கிழியாமல் கையாளுதல், புதிய பவளங்களைத் தனிமைப்படுத்திக் கவனித்தல் ஆகியவை நோயைத் தவிர்க்க உதவும்.

இந்தியாவில் கல்பவளங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.