மலைநாட்டில் ஓர் ஆடுகளம்

ஊவா நாட்டார்க்கு நுவரெலியா அயலூரே. பதுளையினின்று வெலிமடை, ஹக்கலை வழியாக மலையேறிச் செல்வோர், அந்நகரையொட்டி விரிந்து கிடக்கும் பசும்புற்றரையைக் காணாது மீளார். அஃது 1889ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று இன்றும் இயங்கும் நுவரெலியாக் கோல்ப் கழகத்தின் ஆடுகளமாகும். துரைமாரின் பொழுதுபோக்கென்று அதனை ஒதுக்குவார் நம்மிற் பலர். ஆயினும், நிலத்தை நோக்கும் நெறியை இலக்கியத்தின் வழிக் கற்ற நமக்கு அங்கே ஆராய்தற்குரிய பொருள் உண்டு.

ஆட்டத்தின் நோக்கம் எளிது. சிறு பந்தொன்றை மட்டையால் அடித்துச் சென்று, நாலேகால் அங்குல விட்டமுடைய குழியில் வீழ்த்தல் வேண்டும். அடிகள் குறைந்தோனே வென்றோன். ஸ்கொத்லாந்தின் கடலோர ஊராகிய சென் அன்ட்றூசில் 1764இல் 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. அவ்வழக்கே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது. பதினெண் மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் பயின்றார்க்கு அவ்வெண் புதிதன்று!

பழைய களங்களின் சிறப்பு யாது? கிரிக்கெற்று முதலிய ஆட்டங்களுக்கு நிலத்தைச் சமனாக்குவர். கோல்ப் களமோ நிலத்தின் மேடுபள்ளங்களையே விதியாகக் கொள்வது. ஓடை குறுக்கிடுமாயின், அதனை ஓரடியிற் கடப்பதா, சுற்றிச் செல்வதா என ஆடுவோன் தேர்தல் வேண்டும். துணிந்தார்க்குப் பயன் மிகுதி. தவறினார்க்கு இழப்பும் மிகுதி. இத்தேர்வினைக் குழிதோறும் வைத்தலே களம் வகுப்போன் திறம். தளை என்பது விலங்குக்கும் பெயர், யாப்புறுப்புக்கும் பெயர். செய்யுளில் ஓசை பிறப்பது தளையால் அன்றோ? அத்தகையதே இதுவும்.

நுவரெலியாக் களத்தில் மரநிரைகளுக்கு இடையே ஒடுங்கிய வழிகள் உள, நீரோடைகள் குறுக்கிடுகின்றன. கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமாதலின் காற்றின் செறிவு குறைவு. பந்து சற்றே தொலைவு செல்லும். மழையும் பனிமூட்டமும் ஆடுவோனைத் தடுமாறச் செய்யும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அவ்விரண்டுமே இவ்வாட்டத்தை ஆள்கின்றன.

முதற்பொருளோடு நின்றால் போதுமா? கருப்பொருளுள் தொழிலையும் அடக்கினார் அவர். இம்மலைகளின் தொழில் யாருடையது? 1869இல் நம் ஊவாவின் மடுல்சீமையிலே கோப்பி இலைநோய் தோன்றிற்று. கோப்பி அழியத் தேயிலை தழைத்தது. கழகம் தோன்றிய மறுஆண்டிலே, 1890இல், தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். துரைமார்க்கு ஆடும் பொழுதும் பொருளும் ஈந்தவை தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்துகளே. அவருட் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்கு உரிமை வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே.

களம் வகுத்தோன் சரிவினைக் கண்ணால் அளந்தான். கூடை சுமந்தவள் அதனைக் காலால் அளந்தாள்; எந்த மலை வழுக்கும், எங்கே ஊற்றுச் சுரக்கும், எப்போது மூட்டம் இறங்கும் என்பதை நன்கறிவாள். முன்னவன் அறிவு வரைபடமாயிற்று. பின்னவள் அறிவு எழுதப்படாது மறைகின்றது.

தோட்டப் பள்ளிகளில் திணை கற்பிக்கும் ஆசிரியன்மார், மாணாக்கரைக் கொண்டு அவரவர் தோட்டத்தின் சரிவு, ஓடை, லயம், தொழில் ஆகியவற்றைப் பாட்டிமாரிடம் கேட்டெழுதச் செய்வாராக. குறிஞ்சியின் கருப்பொருள் அப்பொழுதே நிறைவுறும்.