கனம் கூட்டினால் பலம் கூடுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு வேகப் பித்து ஏறினால் முதலில் கை வைப்பது டர்போவில்தான். காற்றை இன்னும் அழுத்தி உள்ளே தள்ளினால் குதிரைத்திறன் ஏறும். ஏறிய அழுத்தத்தைத் தாங்க வேண்டியது இன்ஜின் பிளாக். பல அலுமினிய பிளாக்குகளில் சிலிண்டர்கள், மேல்முனையில் பிடிமானம் இல்லாமல், சுற்றிலும் தண்ணீர் ஓட, குழாய்போல நிற்கும். அழுத்தத்தில் அவை மயிரிழை அசைந்தாலும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அதனால் மேலே வளையம் வைத்து இறுக்குவார்கள். அல்லது சிலிண்டரைக் குடைந்து இரும்பு ஸ்லீவ் இறக்குவார்கள். வளையம் தண்ணீர்ப் பாதையை அடைத்துவிட்டால் வந்தது வினை. சிலிண்டரில் அதிகம் சூடாகும் இடமே மேல்முனைதான். குளிர்ச்சி போகவேண்டிய அந்த இடத்துக்கே போகாது.

பலமும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும் என்ற இந்த இழுபறியை இதைவிடப் பல மடங்கு பெரிய அளவில் சந்திக்கிற இடம் நெல்லை மாவட்டத்திலேயே இருக்கிறது. நாகர்கோவில் சாலையில் வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரும்போது மேற்கே தெரிகிற மலை, மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இன்ஜின்களை இங்கே மேடையில் பூட்டி, எரித்துப் பார்க்கிறார்கள். சோதனை நடந்தால் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்தி வரும். மறுநாள் நமக்கு மறந்துபோகும்.

இங்கே பாடுபட்டுத் தேற்றிய இன்ஜின்களில் ஒன்று சிஇ-20. எல்விஎம்-3 ராக்கெட்டின் மேலடுக்கை இயக்கும் கிரையோஜெனிக் இன்ஜின். திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து 19 முதல் 22 டன் வரை உந்துவிசை தரும். எரியறைக்குள் வெப்பம் சுமார் 3,000 டிகிரி செல்சியஸ். உட்சுவரோ செம்புக் கலப்புலோகம். சுத்தச் செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். சுவரில் வெட்டிய நுண்ணிய வாய்க்கால்களில் திரவ ஹைட்ரஜன் ஓடுவதால்தான் அது நிற்கிறது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் அந்த எரிபொருள், சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு பிறகு எரியறைக்குள் போகிறது.

சுவரைத் தடிமனாக்கினால் பத்திரம்தானே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. தடிமன் கூடினால் சூடு வாய்க்காலுக்குப் போய்ச்சேர நேரமாகும். நெருப்பைப் பார்த்த பக்கம் மேலும் கொதிக்கும். சூடான பக்கம் விரியப் பார்க்கும், குளிர்ந்த பக்கம் விடாது. இன்ஜினைப் பற்றவைத்து அணைக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறியில் செம்பு கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் இழுபட்டு, கடைசியில் வெடிப்பு விடும். ஆகவே எத்தனை விநாடி எரிந்தது என்பதோடு, எத்தனை தடவை பற்றவைத்தார்கள் என்பதும் இன்ஜினின் ஆயுளில் சேர்த்தி.

குளிரும் சும்மா விடாது. 2010 ஏப்ரல் 15 அன்று நம் சொந்தக் கிரையோஜெனிக் இன்ஜினோடு கிளம்பிய ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் தோற்றது. எரிபொருளை ஏற்றித்தரும் சிறிய டர்போ பம்ப் சுழலத் தொடங்கிச் சற்று நேரத்தில் நின்றுபோனது. கடுங்குளிரில் பேரிங்கும் அதன் உறையும் சுருங்குவதைக் கணக்கில் எடுத்து, பம்பின் வடிவமைப்பை மாற்றினார்கள். சொந்த இன்ஜினோடு அடுத்து வந்த டி5, 2013 ஆகஸ்ட் 19 அன்று ஏவுதளத்திலேயே நின்றது. இரண்டாம் அடுக்கின் எரிபொருள் தொட்டியில் கசிவு. தொட்டி 7020 என்ற துத்தநாகக் கலப்பு அலுமினியத்தில் செய்தது. இழுவிசையும் அரிப்பும் சேர்ந்தால் விரிசல் விடும் இனம். இங்கேயும் தகட்டைத் தடிமனாக்கவில்லை, உலோகத்தையே மாற்றினார்கள்: 2219 என்ற செம்புக் கலப்பு அலுமினியம். 2014 ஜனவரி 5 அன்று டி5 வெற்றிகரமாகப் போய்ச்சேர்ந்தது.

செயற்கைக்கோள் போனால் பணத்தோடு போயிற்று. ககன்யான் விண்கலத்தில் மனிதர் ஏறப்போகிறார். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. 2022 ஜனவரி 12 அன்று சிஇ-20 இன்ஜினை மகேந்திரகிரியில் 720 விநாடி விடாமல் எரித்தார்கள். எல்விஎம்-3 பயணத்தில் அதற்கு வேலை ஏறத்தாழ 640 விநாடிதான். அதே மாதம் விகாஸ் என்ற இன்னொரு திரவ எரிபொருள் இன்ஜினுக்கு வேறு மாதிரிச் சோதனை. எரிபொருள் விகிதத்தையும் எரியறை அழுத்தத்தையும் வேண்டுமென்றே வழக்கமான அளவுக்கு அப்பால் தள்ளி 25 விநாடி ஓட்டினார்கள். இப்படித் தவறாக ஓட்டிப் பார்ப்பதைத்தான் நான் அசல் சோதனை என்பேன். சரியாக ஓட்டினால் எந்த இன்ஜினும் நல்ல பிள்ளைதான்.

மனிதரை ஏற்றச் சிஇ-20-ஐத் தேற்றும் இந்த வரிசையின் கடைசிச் சோதனை 2024 பிப்ரவரி 13 அன்று, வெற்றிடத்தில் பற்றவைத்துப் பார்ப்பதாக நடந்தது. கூட்டிப் பார்த்தால் நான்கு இன்ஜின்கள், 39 எரிப்புகள், 8,810 விநாடிகள். மனிதரை ஏற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு 6,350 விநாடி. பதின்மூன்று பயணங்களுக்கும் மேலான எரிப்பு, தரையிலேயே முடிந்துவிட்டது.

அடுத்து நிற்பது மண்ணெண்ணெயில் ஓடும் செமி கிரையோஜெனிக் இன்ஜின். உந்துவிசை 200 டன் அளவு. சிஇ-20 போலப் பத்து மடங்கு. 2023 ஜூலை 1 அன்று எரியறை இல்லாமல், பம்புகளையும் அவற்றை இயக்கும் பகுதியையும் மட்டும் 4.5 விநாடி ஓட்டத் திட்டம். 1.9 விநாடிவரை எல்லாம் சரி. இரண்டாவது விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென எகிற, வேகம் சரிந்தது, நிறுத்திவிட்டார்கள். கோளாற்றைத் தேடித் திருத்தி, 2025 மார்ச் 28 அன்று மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை 2.5 விநாடி. அடுத்த மாதம் 3.5.